தெரு இசை கேட்க மாலை 6 மணிக்கே கிளம்புங்கள்

ஜூன் 21 அன்று பாரிஸில் இருந்தால், 'ஃபெத் த லா மியூசிக்' என்ற இசை விழாவைப் பார்க்க இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். மாலை 6 மணிக்கே தெருவில் இறங்கிவிடுங்கள். கோடையின் மிக நீண்ட பகல் என்பதால் சூரியன் மறையவே கிட்டத்தட்ட 10 மணி ஆகும். பாட்டுக்குழுக்கள், அக்கார்டியன் வாசிப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தில்தான் வாசிப்பார்கள். 1982இல் இவ்விழா தொடங்கியதே இப்படிச் சாதாரண மக்களையும் தெருவில் வாசிக்க வைக்கத்தான்! டிக்கெட் கிடையாது. பெரிய சாலைகளை விட்டுச் சந்துகளில் நடந்தால், ஒரு குழுவின் சத்தம் அடுத்ததை அமுக்காது.

டிஜே இசையும் நடனமும்தான் வேண்டுமென்றால் இது பொருந்தாது. அதற்கு 10 மணிக்கு மேல் போங்கள், கைக்குழந்தை இல்லாமல்.