புகை மணக்கும் இறைச்சி உருண்டைக் கறி, எங்கள் ஆட்டிறைச்சியிலும் கனடாப் பைசனிலும்

எட்மன்டனில் இருக்கும் என் தங்கச்சி போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு சட்டியின் படத்தை அனுப்பி, "அக்கா, நீங்க சொன்ன மாதிரித்தான் செய்தனான், குழம்பு நல்லா வந்திருக்கு, ஆனா உருண்டையை உடைச்சா உள்ளுக்க மரத்தூள் மாதிரிக் கிடக்கு" என்று சொன்னாள். என்ன இறைச்சி என்று கேட்டேன். பைசன் என்றாள். அதோடு எனக்கு விஷயம் விளங்கிவிட்டது, ஏனென்றால் அதே பிழையை நான் இங்கே திருகோணமலையில் ஆட்டுத் தொடை இறைச்சியில் செய்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலைக் கெடுத்திருக்கிறேன். அவளுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இங்கே இருப்பவர்கள் ஆட்டிறைச்சியில் செய்யலாம், அங்கே இருப்பவர்கள் பைசனில் செய்யலாம், முறை ஒன்றுதான், நேரம் மட்டும் மாறும்.

முதலில் பைசன் எது என்று சொல்லிவிடுகிறேன், அம்மாவே என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டா. வட அமெரிக்கப் புல்வெளிகளில் திரிந்த, முதுகில் திமில் உயர்ந்த பெரிய மிருகம். அங்கே பலர் அதை பஃபலோ என்றும் சொல்வார்கள், ஆனால் கிண்ணியாப் பக்கம் தயிருக்கு வளர்க்கிற எருமை வேறு, அது வேறு. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் சுட்டுச் சுட்டு ஆயிரத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள், மிச்சமிருந்ததைக் காப்பாற்றிப் பெருக்கித்தான் இப்போதைய மந்தைகள். எட்மன்டனுக்குக் கிழக்கே எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் அவை மேய்வதைத் தங்கச்சி வீடியோவில் காட்டியிருக்கிறாள். கடைக்கு வருவது பண்ணைகளில் வளர்த்ததன் இறைச்சி. அம்மாவுக்கு அது மாட்டுச் சாதி, தொடமாட்டா, எங்கள் வீட்டில் ஆடுதான். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் கொழுப்புக் குறைந்த துண்டை அரைத்து எடுத்து இதே முறையில் செய்யலாம்.

சமையலுக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. பைசனில் கொழுப்புக் குறைவு, அரைத்து விற்கிற பைசனில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குதான் கொழுப்பு இருக்கும். ஆட்டுத் தொடையும் அப்படித்தான், வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தசை. கொழுப்பில்லாத தசையை அரைத்து, உருட்டி, கொதிக்கிற குழம்பில் போட்டால் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு இறுகிவிடும். அதனால் ஈரத்தையும் கொழுப்பையும் நாம்தான் உள்ளே வைக்க வேண்டும்.

இறைச்சி அரைக் கிலோ எடுங்கள், நாலைந்து பேருக்குக் காணும். இங்கே என்றால் எலும்பில்லாத தொடையோடு ஒரு 50 கிராம் கொழுப்பையும் சேர்த்து மெசினில் இரண்டு தடவை அரைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள், ஒரு தடவை அரைத்தால் ஆட்டிறைச்சியில் நார் பல்லில் மாட்டும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறையன்று, இறைச்சிக் கடை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி, ஆகவே இது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். காலை எட்டு மணிக்கு முன் கடைக்குப் போங்கள், வெயில் ஏறினபின் வாங்கின இறைச்சி வீட்டுக்கு வரும்போதே சூடாகியிருக்கும், சூடான இறைச்சி உருண்டைக்குச் சரிவராது. வந்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். பைசன் என்றால் கொழுப்புத் தனியாகக் கிடைக்காது, அதற்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி நெய்யும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயும் போதும், அந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கட்டியாக இருக்குமே, அப்படியே சுரண்டிப் போடலாம்.

இப்போது பாண். இரண்டு துண்டுப் பாணின் ஓரத்தை வெட்டிவிட்டு, கால் கப் கெட்டித் தேங்காய்ப்பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையால் மசித்துக் களி மாதிரி ஆக்குங்கள். உருண்டைக்குள் பஞ்சு மாதிரி இருந்து ஈரத்தைப் பிடித்து வைப்பது இந்தக் களிதான். கட்லட் பழக்கத்தில் நம் ஆட்கள் பலர் இதற்கும் றஸ்க் தூளைப் போடுவார்கள். காய்ந்த தூள் இறைச்சியில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் களியோடு ஒரு முட்டை, எட்டுச் சின்ன வெங்காயம் மிகப் பொடியாக அரிந்து ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி ஆறவைத்தது, இஞ்சியும் உள்ளியும் இடித்தது இரண்டு தேக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, பெருஞ்சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் கறிவேப்பிலை கிள்ளி, எல்லாவற்றையும் முதலில் கலந்துவிடுங்கள். இறைச்சி கடைசியில்தான் போக வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. உப்புப் பட்ட இறைச்சியைப் பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் கசிந்து பசை மாதிரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வேகும்போது அந்தப் பிடி இறுகி றப்பர் ஆகிவிடும். நான் முதல் தடவை ரொட்டிக்கு மாப் பிசைவது போல ஐந்து நிமிடம் பிசைந்தேன், உருண்டைகள் அழகாக, வழவழவென்று வந்தன, சாப்பிட முடியவில்லை. இப்போது விரல்களை விரித்து வைத்துக்கொண்டு, சோற்றில் குழம்பைக் கிளறுகிற மாதிரி ஒரு நிமிடம், அவ்வளவுதான். அங்கங்கே பாண் வெள்ளையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, கையில் எண்ணெய் தடவி, சின்னத் தேசிக்காய் அளவில் உருட்டுங்கள். அழுத்தாதீர்கள், உள்ளங்கையில் உருளவிட்டால் போதும். இருபதுக்கு மேல் வரும். முதல் உருண்டையை மட்டும் தட்டையாக்கிப் பொரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், உப்பைத் திருத்த அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, உருண்டைகளை இடைவெளி விட்டு வைத்து, திருப்பித் திருப்பி வெளிப்பக்கம் மட்டும் பொன்னிறமாகும்வரை நாலு நிமிடம். உள்ளே வேகக்கூடாது. எடுத்து வைத்துவிடுங்கள், அந்த எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், குழம்பு அதில்தான்.

குழம்புக்குப் புகையை இரண்டு தடவை ஏற்றுகிறேன், ஒன்று தொடக்கத்தில், ஒன்று முடிவில். தொடக்கத்துப் புகை தணலிலிருந்து. நாலு தக்காளிப்பழம், தோலோடு பதினைந்து சின்ன வெங்காயம், ஒரு முழு உள்ளி, மூன்றையும் சிரட்டைத் தணலில் போட்டுச் சுடுங்கள். வெளியே கறுத்து, தக்காளி வெடித்து சாறு தணலில் சொட்டிச் "சுர்" என்று சத்தம் கேட்கும், அந்த வாசனை வந்தால் எடுக்கலாம். கறுத்த தோலில் முக்கால்வாசியை உரித்துவிட்டு, கால்வாசியை அப்படியே விட்டு அம்மியிலோ மிக்சியிலோ அரையுங்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் உவர்மலைப் பக்கம் வெளியில் தணல் போடுவது லேசான காரியமில்லை, பொறி பறக்கும், மதில் மூலையில் மறைவாக வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். கனடாவில் இதை மின்சார அவன் அடுப்பின் மேல் சூட்டில் வைத்துக் கறுக்க வைக்கலாம்.

செத்தல் மிளகாயை மட்டும் தணலில் போடாதீர்கள். ஒரு கணத்தில் கருகிக் கசக்கும், வீடு முழுக்க இருமல். பத்துச் செத்தல் மிளகாயைத் தாச்சியில் இரண்டு சொட்டு எண்ணெயோடு மெல்லிய நெருப்பில், இரத்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகும்வரை வறுத்து எடுங்கள். பிறகு அதே சூட்டில் மல்லி இரண்டு மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு துண்டு கறுவா, மூன்று கராம்பு, இரண்டு ஏலக்காய் வறுத்து எல்லாவற்றையும் பொடியாக்குங்கள். அவசரத்துக்கு வீட்டில் இடித்த கறித்தூள் மூன்று மேசைக்கரண்டி போடலாம், நல்லாத்தான் இருக்கும், ஆனால் புதிதாக வறுத்ததன் வாசம் வராது. வெளிநாட்டில் தணலுக்கு வழியில்லாவிட்டால் புகையிட்ட பப்ரிக்காத்தூள் ஒரு தேக்கரண்டி சேருங்கள். ஸ்பெயினில் மிளகாய்ப் பழங்களை ஓக் விறகுப் புகையில் காயவைத்து அரைக்கிற தூள் அது, உறைப்புக் குறைவு, புகை மணம் உண்டு. சிப்போட்லே என்று விற்பதும் புகையில் காய்ந்த ஹலபேன்யோ மிளகாய்தான், அது உறைக்கும், ஒன்று போதும்.

உருண்டை பொரித்த எண்ணெயில் கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை, இடித்த இஞ்சி ஒரு தேக்கரண்டி போட்டு, வாசம் எழும்பியதும் சுட்டரைத்த விழுதைப் போடுங்கள். தக்காளியின் பச்சைப் புளிப்பு போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள், இதில் அவசரப்பட்டால் கடைசிவரை தெரியும். பிறகு தூள், உப்பு, நெல்லிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்தது, இரண்டாம் பால் ஒன்றரைக் கப். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி மூடுங்கள். அகப்பை போடக்கூடாது. சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுழற்றினால் உருண்டைகள் தானாகத் திரும்பும். குழம்பு துள்ளிக் கொதிக்கக்கூடாது, ஓரத்தில் மெதுவாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

நேரம் இங்கேதான் மாறுகிறது. ஆட்டிறைச்சிக்கு 25 நிமிடம், அதிலுள்ள சவ்வும் நாரும் இளக அவ்வளவு வேண்டும். பைசனுக்கு 12 நிமிடம் தாண்டவேண்டாம், கொழுப்புக் குறைந்த இறைச்சி சீக்கிரம் வெந்துவிடும். தங்கச்சி அதை எங்கள் ஆட்டுக்கணக்கில் வேகவிட்டிருக்கிறாள், மரத்தூள் ஆனதற்குப் பாதிக் காரணம் அது, மீதி, பாண் களிக்குப் பதில் அவள் போட்ட றஸ்க் தூள். பைசன் இறைச்சி இயல்பிலேயே கடுஞ்சிவப்பு, நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது, வெப்பமானி இருந்தால் உருண்டையின் நடுவில் குத்திப் பாருங்கள். எந்த அரைத்த இறைச்சியும் நடுவில் 71 பாகை செல்சியஸ் வந்திருக்க வேண்டும், பைசன் என்றால் அது வந்ததும் மேலும் வேகவிடாதீர்கள். கடைசியாக முதற்பால் அரைக் கப் விட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள், கொதித்தால் பால் திரியும்.

அப்புறம் இரண்டாவது புகை. ஒரு சின்ன சில்வர்க் கிண்ணத்தைக் குழம்பின் நடுவில் மிதக்கிற மாதிரி வைத்து, நன்றாகச் சிவந்த ஒரே ஒரு சிரட்டைக்கரித் துண்டை அதில் போட்டு, அரைத் தேக்கரண்டி நெய்யை அதன் மேல் விட்டு, புகை எழும்பிய உடனே இறுக்கமான மூடியால் மூடுங்கள். சிரட்டை, விறகு எல்லாவற்றிலும் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது, அது சூட்டில் உடையும்போது வருகிற பொருட்களில்தான் நாம் புகை மணம் என்கிற அந்த மணத்தில் பெரும்பகுதி இருக்கிறது. கரியாகிச் சிவந்த துண்டில் லிக்னின் அவ்வளவாக மிஞ்சாது, அதனால் இந்த இரண்டாவது தடவை எழும்புவது பெரும்பாலும் கரியில் பட்ட நெய்யின் புகைதான். இந்த மணங்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும், முதற்பால் விட்டபிறகு புகை போடச் சொல்வது அதனால்தான். நாலு நிமிடம். ஐந்துக்கு மேல் போனால் கசப்பு வரும், கசந்த குழம்பைப் பால் விட்டும் சீனி போட்டும் திருத்த முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்.

கரி வாங்குகிறவர்கள் தீப்பெட்டி தட்டினதும் பிடிக்கிற மருந்து கலந்த கட்டிகளை வாங்காதீர்கள், அந்த மணம் சாப்பாட்டில் ஏறும். கரியை வெளியில் மூட்டிச் சிவக்கவைத்து, அந்த ஒரு துண்டை மட்டும் இடுக்கியால் உள்ளே கொண்டுவாருங்கள், யன்னல் திறந்திருக்கட்டும். பனிக்காலத்தில் கதவு யன்னல் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் கரியடுப்பு வைப்பது உயிருக்கு ஆபத்து, கரியிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. தங்கச்சியிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். உங்களால் கரி போட முடியாவிட்டால் விடுங்கள், சுட்ட தக்காளியும் பப்ரிக்காவும் போதும்.

இடியப்பத்தோடு நல்லா இருக்கும், குழல் புட்டோடு இன்னும் நல்லா இருக்கும், புட்டு குழம்பைக் குடிக்கும். மேலே கொஞ்சம் தேசிப்புளி விடுங்கள். மிஞ்சினால் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் மெல்லிய நெருப்பில் சூடாக்கி ரோஸ் பாணோடு சாப்பிடுங்கள், அன்றைக்குப் புகை உருண்டைக்குள்ளேயும் இறங்கியிருக்கும். தங்கச்சி போன ஞாயிறு திரும்பச் செய்து படம் அனுப்பினாள், பாதியாக உடைத்த உருண்டை ஒன்று, நடுவில் ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது.