டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஜெர்க், நானே கேலிப்ரேட் பண்ணின அனுபவம்

டிராஃபிக்ல ஊர்ந்து போறப்போ 1லருந்து 2க்கு மாறும்போது வண்டி ஒரு உதறு உதறும், ரிவர்ஸ்ல இன்னும் மோசம். ஒர்க்‌ஷாப்ல கிளட்ச் செட்டையே மாத்தணும்னு சொன்னாங்க, எனக்கு மனசு ஒப்பல.

இந்த கியர்பாக்ஸ்ல ரெண்டு கிளட்ச், ஒண்ணு 1, 3, 5 கியருக்கு, இன்னொண்ணு 2, 4, 6க்கு. தேய தேய கிளட்ச் பிடிக்கிற இடம் நகரும், கம்ப்யூட்டர் பழைய இடத்தையே நினைச்சுட்டு இருந்தா உதறத்தான் செய்யும், அந்த இடத்தை திரும்ப கத்துக்கொடுக்கிறதுதான் இந்த கேலிப்ரேஷன்.

முதல்ல வண்டி கம்ப்யூட்டரோட பேசுற ஸ்கேனரை மாட்டி ஃபால்ட் கோடு (கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கிற கோளாறு குறியீடு) பார்த்தேன், மெக்கானிக்கல் கோளாறு எதுவும் இல்ல. இது ரொம்ப முக்கியம், தேஞ்சுபோன கிளட்ச்சை கேலிப்ரேஷன் காப்பாத்தாது. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, கியர்பாக்ஸ் சூடு ஸ்கேனர் கேட்ட அளவுக்கு வந்ததும் பேசிக் செட்டிங் (ஸ்கேனர்ல இந்த கேலிப்ரேஷனுக்கான பேரு) ஆரம்பிச்சேன். கியர் லீவரை பி-ல (பார்க்) வச்சு பிரேக்கை மிதிச்சபடியே இருக்கணும், உள்ள டக் டக்னு சத்தம் வரும், பயந்து காலை எடுத்துடாதீங்க, எனக்கு முதல் தடவை அப்படித்தான் பாதியில நின்னு மறுபடி முதல்லருந்து பண்ண வேண்டியதாச்சு.

முடிஞ்சதும் காலி ரோட்டுல எல்லா கியரும் வர்ற மாதிரி மெதுவா ஓட்டினேன். 1-2 உதறல் சுத்தமா போயிடுச்சு, ரிவர்ஸ்ல மட்டும் லேசா இருக்கு.