டெபியன் பொதியில் மொழிபெயர்ப்பு வார்ப்புருவைப் பராமரிப்பது

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் பொதியை நிறுவும்போது, அமைப்பு விவரங்களைக் கேட்டுவாங்கும் டெப்கான்ஃப் கருவியின் கேள்விகள் டெம்ப்ளேட்ஸ் கோப்பில் இருக்கும். அவை மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போவது போ அடைவிலுள்ள டெம்ப்ளேட்ஸ்.பாட் என்ற வார்ப்புருக் கோப்பு வழியாக; ஒவ்வொரு மொழியின் மொழிபெயர்ப்பும் தனித்தனிப் போ கோப்பில் இருக்கும். இந்த பாட் கோப்பைக் கையால் திருத்தவே கூடாது. மறுபடி உருவாக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போய்விடும்.

மொழிபெயர்க்க வேண்டிய புலத்தின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இடுங்கள்: _டிஸ்கிரிப்ஷன். தேர்வுகளைப் பட்டியலிடும் சாய்சஸ் புலத்துக்கு மட்டும் இரண்டு; அப்போது ஒவ்வொரு தேர்வும் தனித்தனியாக மொழிபெயர்ப்புக்குப் போகும். அங்கே ஒன்றோடு நிறுத்தினால் முழுப் பட்டியலும் ஒரே சரமாகிவிடும், அதாவது மொழிபெயர்க்க வேண்டிய ஒரே உரைத்துண்டாகிவிடும். மொழிபெயர்ப்பில் ஒரு காற்புள்ளி கூடினாலே தேர்வுகளின் எண்ணிக்கை மாறிவிடும். சூழல் புரியாத சரங்களுக்குப் புலத்தின் மேல் # இட்டுக் குறிப்பு எழுதுங்கள். அது பாட் கோப்புக்கும் வந்து சேரும்.

ஒரே மூலத்திலிருந்து பல பொதிகள் வந்தால், ஒவ்வொன்றின் டெம்ப்ளேட்ஸ் கோப்பும் பாட்ஃபைல்ஸ்.இன் பட்டியலில் இருக்க வேண்டும். பொதியை உருவாக்கும் படிகள் உள்ள ரூல்ஸ் கோப்பில், உருவாக்கியவற்றைத் துடைக்கும் 'கிளீன்' இலக்கில் டெப்கான்ஃப்-அப்டேட்போ கட்டளையைச் சேர்த்துவிட்டால், பாட் கோப்பும் எல்லா மொழிகளின் போ கோப்புகளும் தாமாகவே புதுப்பிக்கப்படும்.

அதிகம் சேதமாவது ஆங்கில எழுத்துப்பிழையைத் திருத்தும்போதுதான். ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்தச் சரம் எல்லா மொழிகளிலும் 'ஃபஸி' ஆகிவிடும், அதாவது மறுபரிசீலனை தேவை என்று குறிக்கப்படும். ஃபஸி ஆன மொழிபெயர்ப்பு பொதிக்குள் போகாது. தமிழில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஆங்கிலத்தில் வரும். பொருள் மாறாத திருத்தத்துக்காக மற்றவர்கள் உழைப்பை இப்படி முடக்குவது நியாயமில்லை. போ4ஏ என்ற மொழிபெயர்ப்புக் கருவித் தொகுப்பிலுள்ள எம்எஸ்ஜி-அன்டைபாட் இதற்கென்றே உள்ளது. முதலில் போ கோப்புகளை நடப்பு நிலைக்குக் கொண்டுவந்து, பாட் கோப்பை நகலெடுத்து வையுங்கள். பிழையைத் திருத்தி, போ கோப்புகளைத் தொடாமல் பாட் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்குங்கள். டெப்கான்ஃப்-அப்டேட்போவில் போ கோப்புகளோடு இணைப்பதைத் தவிர்க்கும் தேர்வு இருக்கிறது. பின் பழைய பாட், புதிய பாட் இரண்டையும் போ கோப்புகளோடு இக்கருவிக்குக் கொடுங்கள். இந்தச் சுற்றில் சரங்களைச் சேர்க்கவோ நீக்கவோ இடம் மாற்றவோ கூடாது. கருவி வரிசையை வைத்தே பொருத்துவதால், மொழிபெயர்ப்பு வேறு சரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பொருளே மாறியிருந்தால் ஃபஸி ஆவதுதான் சரி. அப்போது பொதியை டெபியன் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு 10 நாளாவது முன்பே போடெப்கான்ஃப்-ரிப்போர்ட்-போ மூலம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். திரும்பி வரும் ஒவ்வொரு போ கோப்பையும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி கொண்டு சரிபார்த்த பிறகே சேருங்கள்; தலைப்பகுதியில் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.