பிள்ளை பெற்ற வீட்டுக்குத் துணையாள் தேடும்போது

தங்கச்சிமடம் பக்கம் துணையாள் தேடினால் எல்லோரும் முதலில் கேட்பது, "சுறாப்புட்டு நன்றாகச் செய்வாரா?" செய்யட்டும். என் மகளுக்கு ஆள் பார்த்தபோது நான் கேட்டது வேறு: குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவீர்களா, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பீர்களா? "காலங்காலமாகச் செய்வதுதானே" என்றால், சரி அக்கா, டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான்.

அப்புறம், பெற்றவளுக்கு ரத்தப்போக்கு அதிகமாகி ஒரு மணி நேரத்துக்குள் பேடு முழுக்க நனைந்தால் என்ன செய்வார்? கஷாயம் என்று இழுக்காமல் 108 என்று சொல்ல வேண்டும். தாய்க்குக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிதான்.

சம்பளம், இரவு தங்கல் எல்லாம் மாமியாரையும் வைத்துக்கொண்டே பேசிவிடுங்கள். ஒரு நாள் வரச்சொல்லிப் பாருங்கள். பெற்றவள் அழுதால் அதட்டுகிறாரா, பக்கத்தில் உட்காருகிறாரா? மீன் அலசிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிலுக்கு வருபவர் வேண்டாம்.