பிள்ளை இப்போது எந்த விளையாட்டில் இருக்கிறது?

"டீச்சர், இவ யார்கூடவும் சேர மாட்டேங்குறா" என்று இரண்டரை வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற அம்மாக்களுக்காகத்தான் முதலில் இதை எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. இப்போது எந்தப் படியில் இருக்கிறதோ, அதற்கு வேண்டிய சாமானை எடுத்து வைத்துவிட்டு நாம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் போதும். அடுத்த படிக்கு அதுவே ஏறிவிடும். நான் சொல்லும் வயதுக் கணக்கு பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும்.

முதல் வருஷம் எல்லாமே கையும் வாயும்தான். எட்டு மாதம் வாக்கில் ஒரு கரண்டியைக் குழந்தை பார்க்கும்போதே துண்டால் மூடுங்கள். துண்டை இழுத்துக் கரண்டியை எடுத்தால், கண்ணுக்கு மறைந்த பொருள் எங்கேயும் போய்விடாது என்று அதற்குப் புரிந்துவிட்டது. தள்ளினாலும் எழுந்து நிற்கும் தஞ்சாவூர் பொம்மை இந்த வயதுக்கு அருமையான சாமான். சாயம் இருப்பதால் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்க ஆரம்பித்தால் தள்ளுவது, நிரப்புவது, கொட்டுவது. ஒரு நடைவண்டி, ஒரு டப்பா, நாலு பிளாஸ்டிக் கிண்ணம் போதும். எடுத்துக் கொடுக்கக் கொடுக்கக் கீழே போடுவது குறும்பு இல்லை. போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறது.

ஒன்றரை வயதை ஒட்டி ஒரு நாள் காலி டம்ளரைத் தூக்கிக் குடிப்பது மாதிரி செய்யும். இல்லாததை இருப்பதாக நினைக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே சொப்பு சாமானை எடுத்துக் கொடுங்கள். ஆரம்பத்தில் டம்ளர் டம்ளர் மாதிரியே இருக்க வேண்டும். மூன்று வயது தாண்டினால் செங்கல் துண்டே போன் ஆகிவிடும். ஒன்றரை வயதாகியும் எதையும் விரலால் சுட்டிக் காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அந்த இரண்டரை வயதுக்கு வருகிறேன். எங்கள் மையத்து வாசலில் மணல் குவித்து வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மணலை அள்ளும். பேச்சு கிடையாது. ஒன்று கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மேலே தட்டும். மற்றது அள்ளுவதை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னுடையதையும் கவிழ்த்து அதே மாதிரி தட்டும். இட்லி விழும். திரும்பவும் பேச்சு கிடையாது. இது சேராமல் இருப்பது இல்லை, இந்த வயதில் சேர்வதே இப்படித்தான். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வயது வராத பிள்ளைகளைக் கவனித்து 1932-ல் எழுதியதில் இந்தப் பக்கத்துப் பக்கத்து விளையாட்டைத் தனி வகையாகவே சொல்லியிருக்கிறார். ஆகவே "பாப்பாவுக்குக் கொடு" என்று கையிலிருப்பதைப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். ஒரே மாதிரி சாமான் இரண்டு வையுங்கள். அது ஒன்றே பாதிச் சண்டையைத் தீர்க்கும்.

மூன்று, நான்கு வயதில் சாமான் கை மாறும், பேச்சு வரும். அப்புறம்தான் கதை. நாலரை, ஐந்து வயதுப் பிள்ளைகள் அறுவடை நேரத்தில் எங்கள் வாசலில் நெல் கொள்முதல் நிலையமே நடத்துகிறார்கள். பையில் மணல்தான் நெல். ஒருத்தன் எடை போடுகிறான். இன்னொருத்தி குச்சியைப் பைக்குள் விட்டு, "ஈரம் பதினேழுக்கு மேல இருக்கு, காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்கிறாள். மூட்டை கொண்டுவந்தவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறான். வீட்டில் அப்பா படுகிற கவலை அவ்வளவும் அதில் இருக்கிறது. இந்த நேரத்தில் உள்ளே புகுந்து எண்ணிக்கை சொல்லித்தர வேண்டாம். பை, கயிறு, பழைய நோட்டு என்று கேட்டதைக் கொடுத்தால் போதும். கூப்பிட்டால் நீங்களும் ஒரு மூட்டையோடு போய் வரிசையில் நில்லுங்கள்.

ஆறு, ஏழு வயதில் விதி வருகிறது: பாண்டி, ஐந்தாங்கல், கோலி, பல்லாங்குழி. புளியங்கொட்டை, சோழி எல்லாம் இதற்கு அப்புறம்தான். மூன்று வயதுக்குள் இருக்கும் தம்பி தங்கைக்கு எட்டாமல் வையுங்கள், தொண்டையில் சிக்கும். "கோட்டை மிதிச்சிட்ட", "மிதிக்கலை" என்று ஆட்டத்தைவிடச் சண்டை நீளமாகப் போகும். பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர், கோலி ஆடும் பிள்ளைகளிடம் போய் விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுத்தான் நியாயம் எப்படிப் புரிகிறது என்று ஆராய்ந்தார். அந்த வாக்குவாதம் விளையாட்டில் ஒரு பாகம். கை நீளாதவரை தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

நம் ஊருக்கு மட்டும் ஒன்று. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் எந்த வயதுப் பிள்ளைக்கும் கரைதான் பிடிக்கும். ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும்போதும் சரி, சும்மா காகிதக் கப்பல் விடும்போதும் சரி, பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று எட்டு வயதுப் பிள்ளையை நம்பி விடாதீர்கள். மற்ற நாளில் வாசலில் ஒரு அகலமான பேசினில் நாலு விரல் தண்ணீர் ஊற்றி வையுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள், முடிந்ததும் கவிழ்த்துவிடுங்கள்.