தெய்யத்தைப் படமெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி, மெமரி கார்டு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. தெய்யம் என்பது வடகேரளத்தில் ஒருவர் கோலம் கட்டி, தெய்வமாகவே ஆடும் வழிபாடு. அது நடக்கும் கண்ணூர், காசர்கோடு பக்கத்துக் காவுகளுக்கு, அதாவது கோயில் தோப்புகளுக்கு, புதிதாக வருகிறவர்கள் சீசன் தவறாமல் செய்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தீ அடங்கியதும் கிளம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. பொட்டன் தெய்யம் விடியும் நேரத்தில் கனல் குவியலின் மேல் சாய்ந்து படுக்கும். இடுப்பில் குருத்தோலை, முகத்தில் பாக்குமரப் பாளையில் செய்த முகமூடி, கீழே சிவந்த கனல். அந்தப் படம் யாருக்கும் கிடைக்கும். ஆனால் பொட்டன் யார்? சங்கராச்சாரியாருக்கு வழிவிட்டு ஒதுங்க மறுத்து வாதாடிய புலையர், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சாதிக்காரர். உங்களை வெட்டினாலும் எங்களை வெட்டினாலும் வருவது ரத்தம்தானே என்று, தெய்யத்தின் கதை சொல்லும் தோற்றம் பாட்டில் அவர் கேட்கும்போது, கேமராக்காரர்கள் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) குடித்துக்கொண்டிருக்கிறார்கள். தீ கொழுந்துவிட்டதும் ஓடிவந்து முன்வரிசையை அடைக்கிறார்கள். கனல் தணிந்ததும் ட்ரைபாடை மடக்கிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் தெய்யத்திடம் குறை சொல்லி வாக்கு கேட்க ஊர் வரிசையில் நிற்கும். போன சீசனில் ஒரு காவில், வெள்ளை முண்டு கட்டிய அம்மச்சி ஒருவர் தெய்யத்தின் கையைப் பிடித்தபடி வளைகுடாவில் இருக்கும் மகனைப் பற்றி முறையிட்டார். தெய்யம் குனிந்து காது கொடுத்துக் கேட்டது. உள்ளங்கையில் மஞ்சள் குறி வைத்து, அவர் விரல்களை மெல்ல மூடிவிட்டது. நேற்றுவரை தள்ளி நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்தவரின் முன்னால் தறவாட்டுக்காரர்களும், அதாவது பழைய பெரிய குடும்பத்தினரும், கைகூப்பி நிற்கும் நேரம் அது. மலையாளியின் வீடு, கடன், பிரிவு, சாதி எல்லாம் அந்த வரிசையில் இருக்கிறது. அதைப் படமெடுக்க அன்று ஒரு கேமராகூட அங்கே இல்லை. அந்த முறையீட்டை நெருங்கிப்போய் எடுக்கவும் கூடாது. தள்ளி நின்று கைகளை மட்டும் எடுங்கள்.

ஃபிளாஷ்

வேண்டவே வேண்டாம்.

கேட்காமல் அணியறைக்குள் நுழைவது

அணியறை என்பது ஒப்பனை நடக்கும் இடம். அங்கே தென்னை ஈர்க்கால் முகத்தில் வண்ணம் தீட்டும் முகத்தெழுத்து நடக்கும்போது, தெய்யமாக ஆடப்போகும் கோலக்காரர் கண்மூடி மல்லாந்து கிடப்பார். பெரியவரிடம் கேளுங்கள்; சம்மதித்தால் ஓரமாக உட்காருங்கள். முடி என்னும் தலைக்கிரீடத்தை ஏற்றி, கைக்கண்ணாடியில் அவர் தன் முகத்தைப் பார்க்கும் நொடியில் தெய்வம் வந்துவிட்டது என்பது நம்பிக்கை. குறுக்கே போகாதீர்கள்.

படத்துக்கு வெறுமனே 'தெய்யம்' என்று பெயரிடுவது

தெய்யங்கள் பல; முச்சிலோட்டு பகவதியும் கதிவனூர் வீரனும் ஒன்றல்ல. எந்தத் தெய்யம், எந்தக் காவு என்று எழுதுங்கள்.

ஜூலையில் டிக்கெட் போடுவது

தெய்யம் சீசன் மலையாள மாதமான துலாம் பத்தாம் தேதி, அதாவது அக்டோபர் கடைசியில்தான் தொடங்கும். மழைக்கு முன் முடிந்துவிடும்.