ஒரு வரி திருத்தம், நானூறு வரி டிஃப்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளுக்கு முதல் பேட்ச், அதாவது கோடில் ஒரு திருத்தம், அனுப்பும்போது கோட்டை விடுவது பெரும்பாலும் கோடில் இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு போகிற மற்ற சங்கதிகளில்தான்.

நம்ம ஊருக்கே பொருந்துகிற ஒன்றைப் பார்ப்போம். 2006-ல் பாண்டிச்சேரி அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆகிவிட்டது. ஆனாலும் மாநிலப் பட்டியல் வைத்திருக்கும் ஏதாவதொரு மென்பொருளில் பழைய பெயர் கண்ணில் படும். மாற்ற வேண்டியது ஒரே வரி. எடிட்டரில் 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தீர்களோ, தீர்ந்தது கதை. காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் இன்றும் 'பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி'தான். அதுவும் சேர்ந்து மாறிப்போகும். பழைய பெயரில் முகவரியைச் சேமித்து வைத்திருப்பவர்கள் கதி? மென்பொருள் சேமிப்பது பெயரையா, 'பிஒய்' என்ற குறியீட்டையா என்று பாருங்கள். குறியீடு என்றால் கவலையில்லை. பெயர் என்றால் அது ஒரு வரி வேலையே இல்லை. முதலில் ப்ராஜெக்ட் பக்கத்தில் இஷ்யூ (கேள்வியோ புகாரோ பதியும் இடம்) போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது எடிட்டர் செய்யும் உபகாரம். ஃபைலை சேவ் செய்ததும் தானாக ஃபார்மேட் செய்து, மேற்கோள்குறி, இடைவெளி எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவைக்கும். விண்டோஸில் வரி முடிவுக் குறியும் மாறிவிட்டால், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டிஃபில் ஃபைல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெயினர் பல இடங்களில் சம்பளம் வாங்காமல், ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து பார்க்கிறவர். நானூறு வரிக்குள் உங்கள் ஒரு வரியை அவர் ஏன் தேட வேண்டும்? அனுப்பும் முன், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில் 'கிட் டிஃப்' ஓட்டிப் பாருங்கள். 'கிட் ஆட்' கொடுக்கும்போது எல்லா மாற்றத்தையும் அள்ளிக்கொள்ளும் வெறும் புள்ளியை வைக்காமல் ஃபைல் பெயரைக் கொடுங்கள்.

மாற்றத்தோடு எழுதும் குறிப்புதான் கமிட் மெசேஜ்; அதில் வெறும் 'ஃபிக்ஸ்டு பக்' என்றால் யாருக்கும் பயனில்லை. என்ன மாறியது என்று டிஃபே சொல்லும்; ஏன் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், இதை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியும் கேட்பார்கள்.

ப்ராஜெக்ட்டின் அறிமுக ஃபைலான ரீட்மீயில் ஒரு வார்த்தை சேர்த்து அனுப்புவதை விட்டுவிடுங்கள். அக்டோபர்தோறும் திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020-ல், டி-ஷர்ட்டுக்காக அப்படிக் குவித்ததில், விரும்பிச் சேர்ந்த ப்ராஜெக்ட்டுகள் மட்டும்தான் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அனுப்பிய மறுநாளே 'எனி அப்டேட்?' வேண்டாம். கெர்னல் ஆவணம் ஒரு வாரமாவது பொறுக்கச் சொல்கிறது. மெயின்டெயினர் திருத்தம் சொன்னால், முதலில் அனுப்பிய அதே பிராஞ்சில் (கோடின் தனிக் கிளையில்) செய்து புஷ் பண்ணுங்கள். புதிதாக இன்னொரு புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) திறந்தால் அவர் எழுதிய குறிப்பெல்லாம் பழையதிலேயே கிடக்கும்.